எடைக்கு வந்த துரை

உங்களில் யார் வீட்டிலாவது வெள்ளைக்காரன் படத்தை மாட்டி வைத்திருந்தார்களா? ராஜா ராணி படத்தைக் கேட்கவில்லை. அது பள்ளிக்கூடம், தாலுகா கச்சேரி, ரயிலடி என்று எல்லா இடத்திலும் தொங்கியது. நான் கேட்பது, சண்டைக்காலத்தில் சீமையில் பிரதம மந்திரியாக இருந்தாரே, தொப்பியும் சுருட்டுமாக, இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு, அவர் படத்தை. எங்கள் வீட்டில் இருந்தது. ஒரு கள்ளிப்பெட்டி நிறைய இருந்தது.

அவர் பெயரைச் சொன்னால் நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை, வாயில் நுழையாது. என்னைப் பெற்ற ஐயா வைத்த பெயர் சுருட்டுத் துரை. போன வாரம் என் பேரன் சொன்னான், அந்தத் துரையின் பழைய சாமான்களைத் தேடித் தேடி வாங்கிச் சேர்க்கிறவர்கள் இப்போதும் இருக்கிறார்களாம். அவர் குடித்துப் போட்ட சுருட்டுத் துண்டைக்கூடக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றுகிறார்களாம். "உங்ககிட்ட ஏதாச்சும் இருந்துச்சா அப்பத்தா?" என்று கேட்டான். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவனிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்லலாம். ரேஷன் கடையில் நின்று கல்லும் மண்ணுமான சோளத்தை வாங்கித் தின்றவர்கள் நீங்கள், உங்களுக்கு விளங்கும்.

ஐயாவுக்குத் தொழில் பழைய பேப்பர். எழுமலைப் பக்கம் மானாவாரிக் காட்டை வைத்துக்கொண்டு மழையை நம்பிக் கெட்டவர், ஒரு வருஷம் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்து விளாங்குடியில் குடிசை போட்டார். காலையில் தராசையும் சாக்கையும் தூக்கிக்கொண்டு மதுரை டவுனுக்கு நடப்பார். வக்கீல் வீடுகள், அச்சாபீஸ்கள், துரைமார் பங்களாக்கள், அவர்கள் சீட்டாடுகிற கிளப்பு, இங்கெல்லாம் எடைக்கு வாங்கிவந்து வீட்டில் கொட்டுவார். ஆத்தாவும் மதினியும் அதைத் தரம் பிரித்துப் பை ஒட்டுவார்கள். பைகள் பலசரக்குக் கடைக்கும் வறுகடலைக் கடைக்கும் போகும். ஒட்டுவதற்குப் புளியங்கொட்டையை வறுத்து இடித்துக் காய்ச்சிய பசை. அந்த நாற்றம் எங்கள் சோற்றில், பாயில், என் பாவாடையில் எல்லாம் ஏறியிருக்கும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார மற்றப் பெண்கள் யோசிப்பார்கள்.

ஐயாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ஒரு தாளை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தே அது எந்தக் கட்டில் வந்தது, எத்தனை பை தேறும் என்று சொல்லிவிடுவார். அது என்றைக்கு அச்சான பேப்பர் என்பது அவருக்கு ஒருநாளும் வேண்டியிருந்ததில்லை. எங்கள் வீட்டுக்கு அது வந்த நாள் எதுவோ அதுதான் அதன் நாள். இதை இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பை நம்பாதீர்கள்.

மதினி என்றால் என் அண்ணன் பெண்டாட்டி. ஆத்தாவின் கூடப்பிறந்த அண்ணன் மகள், எழுமலைக்காரி. கல்யாணமாகி வந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது, எனக்கு ஒன்பது. வந்த முதல் வாரமே என் தலையைப் பிடித்து மடியில் சாய்த்து ஒரு நாள் முழுக்கப் பேன் பார்த்தாள். எனக்கு அதுவரை யாரும் அப்படிப் பொறுமையாகத் தலை வாரிவிட்டது கிடையாது. ஆத்தா வாரினால் முடியோடு மூளையும் சேர்ந்து வரும். மதினி ஒட்டும் பைக்கு ஓரம் நூல் பிடித்தாற்போல் இருக்கும். வழவழப்பான சீமைத் தாளில் பசை பிடிக்காது, அதில் எனக்குத் தொப்பியும் கத்திக்கப்பலும் மடித்துக் கொடுப்பாள். அண்ணன் பட்டாளத்துக்குப் போனபிறகு அவள் பாயில்தான் நான் படுத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொள்ளாமல் எனக்குத் தூக்கம் வராது.

அண்ணன் லாரி ஓட்டப் படித்திருந்தான். சண்டைக்கு ஆள் எடுத்தபோது டிரைவராகச் சேர்ந்துவிட்டான். கடைசியாக லீவில் வந்தவன், தரம் பிரிக்கக் கொட்டிக் கிடந்த பேப்பருக்குள்ளிருந்து ஒரு சீமைப் பத்திரிகையை எடுத்து விரித்தான். பக்கம் முழுக்கச் சுருட்டுத் துரை.

"ஐயா, இந்தா பாருங்க. இவருதான் எங்க எல்லாருக்கும் மேல. இவரு கைய அசைச்சாத்தான் எங்க வண்டியே கிளம்பும்" என்றான்.

விளையாட்டாகத்தான் சொன்னான். ஐயா அதை அப்படி வாங்கிக்கொள்ளவில்லை. படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பெரிய பண்ணையில் மகனைச் சேர்த்துவிட்டு அந்தப் பண்ணையார் முகத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அண்ணன் கப்பலேறிய நாளிலிருந்து அந்த முகம் எந்தத் தாளில் வந்தாலும் அது பைக்குப் போகாது, கள்ளிப்பெட்டிக்குப் போகும். வெட்டுவது என் வேலை. மதினி ஓரம் நைந்த படத்துக்குப் பின்னால் பழுப்புத் தாள் வைத்து ஒட்டுவாள்.

படத்தோடு நிற்கவில்லை. பிரச்சார வண்டி வந்து சந்தையில் ஒட்டிப்போன நோட்டீசைக் கிழியாமல் நனைத்து உரித்துக்கொண்டு வந்தார். துரை முகம் போட்ட பிஸ்கோத்துத் தகரடப்பா ஒன்று கிடைத்தது, மூடி இல்லாமல். ஒரு பங்களாவின் சமையல்காரர், துரையின் முகத்தையே குவளையாகச் செய்த பீங்கான் ஒன்றைக் கொடுத்தார். கைப்பிடி உடைந்துபோனதால் குப்பைக்குப் போக இருந்ததாம். கன்னம் உப்பி, வாயில் சுருட்டோடு, தொப்பியே குவளையின் வாய். ஆத்தா அதைக் கழுவித் துடைத்து அதில் திருநீறு போட்டு வைத்துவிட்டாள். தினமும் காலையில் துரையின் தொப்பிக்குள் கையை விட்டுத் திருநீறு எடுத்து எங்கள் நெற்றியில் பூசுவாள். "எம் புள்ள இவரு உப்பத்தான திங்கிறான்" என்பாள்.

ஊரில் எங்களைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? அது ஊரெல்லாம் தண்டவாளத்தைப் பெயர்த்த வருஷம். கதர்ச்சட்டைப் பையன்கள் நாலைந்து பேர் வந்து வாசலில் நின்று, "ஏன்யா, வெள்ளைக்காரனுக்குப் பூசை போடுறீகளாமே?" என்று கேட்டார்கள். சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசைக் கிழித்தார்கள். அவர்கள் போனபிறகு ஐயா குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார். மதினி அதை வரிசைப்படுத்தித் திரும்ப ஒட்டினாள். ஒரு விரல் மட்டும் கிடைக்கவில்லை. அவர்களும் நல்ல பையன்கள்தான், அதில் ஒருவன் பிறகு ஜெயிலில் இருந்து நோயோடு வந்து செத்தான். ஐயா வெள்ளைக்காரனுக்கு ஆள் என்று சாகிறவரை நம்பியிருப்பான்.

கார்த்திகை மாதம் தந்தி வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் வாசித்துச் சொன்னார். ஆளைக் காணவில்லை, விவரம் தெரிந்தால் எழுதுவோம் என்று அவ்வளவுதான் அதில் இருந்தது. ஆத்தா தரையில் விழுந்து புரண்டாள். மதினி அழவில்லை, அடுப்பில் இருந்த பசை அடிப்பிடிக்கிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காணலைன்னுதான போட்டிருக்கு. செத்துட்டான்னா போட்டிருக்கு? காணாமப் போன மாடு தன்னால வீடு வந்து சேரலையா?" என்று ஐயா வாத்தியாரிடம் சண்டைக்குப் போனார். பிறகு சர்க்காரிடமிருந்து நீளக் கவர் ஒன்று வந்தது. அண்ணன் கணக்கில் வரும் பணத்துக்குக் கைநாட்டு வைத்து அனுப்பவேண்டிய காகிதம். வைத்தால் மகன் செத்ததை ஒப்புக்கொண்டதாகும் என்று ஐயா வைக்க மறுத்துவிட்டார். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆத்தா ஒருவேளைக் கூழோடு நிறுத்திக்கொண்டாள். புடவைக்குள் ஆள் இருப்பதே தெரியாத அளவுக்கு வற்றிப்போனாள்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை கிளப்பிலிருந்து பெரிய கட்டு வந்தது. ஐயா முற்றத்தில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "ஏய், எல்லாரும் இங்க வாங்க, ஓடியாங்க!" என்று கத்தினார். பாம்பு ஏதோ என்று நினைத்துத்தான் ஓடினோம்.

ஒரு பத்திரிகைப் பக்கம். மணல்வெளி. சுருட்டுத் துரை வெள்ளைக் கோட்டும் குடையுமாக நடந்து போகிறார். ஒரு பக்கத்தில் நம் ஆட்கள் வரிசையாக விறைத்து நிற்கிறார்கள். கடைசியிலிருந்து மூன்றாவது ஆளின் மேல் ஐயாவின் விரல் இருந்தது. முகம் பாதிதான் தெரிந்தது, அதுவும் தொப்பி நிழலில். ஆனால் இடது தோள் ஒரு விரற்கடை ஏறியிருந்தது. சின்ன வயதிலிருந்து பேப்பர் மூட்டை சுமந்து அண்ணனுக்கு அப்படி ஆகியிருந்தது. கல்யாண மேடையில்கூடச் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தான்.

"இவன்தான். எம் மகன்தான். இன்னைக்கு வந்த பேப்பருடி இது. துரைக்குப் பக்கத்துல நிக்கிறான் பாருடி!"

ஆத்தா அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அழுதாள், சிரித்தாள். உலையில் அரிசி போடச் சொன்னாள். வீட்டில் இருந்த அரிசி அவ்வளவையும் போடச் சொன்னாள். மதினி புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு கதவோரம் நின்றாள்.

ஐயா கத்தரிக்கோலை என்னிடம் நீட்டினார். நான் பாதிரிமார் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது படித்தேன். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டுவேன், பன்னிரண்டு மாசத்தையும் வரிசையாகச் சொல்வேன். பக்கத்தின் மேல் ஓரத்தில் சின்ன எழுத்தில் தேதி போட்டிருந்தது. ஆகஸ்டு. நான் விரல் மடக்கி எண்ணினேன். தந்தி வந்தது கார்த்திகையில். அந்தப் படம் அதற்கு மூன்று மாசம் முந்தியது. காணாமல் போவதற்கு முன்னால் எல்லோரும்தான் எங்கேயாவது நின்றுகொண்டிருந்திருப்பார்கள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆத்தாவுக்காகத்தான் சொல்லவில்லை என்று வெகுகாலம் எனக்கு நானே கதைவிட்டுக்கொண்டு இருந்தேன். அது பொய். நாலு நாளைக்கு முன்னால்தான் ஆத்தா ஐயாவிடம் குசுகுசுவென்று, "அவன் இல்லைன்னு ஆகிப்போச்சுன்னா இந்தச் சின்னஞ்சிறுச எத்தன நாளைக்கு வச்சிருக்கிறது, எங்கண்ணன் வந்து கூட்டிட்டுப் போகட்டும்" என்று சொன்னதைக் கேட்டிருந்தேன். அண்ணன் உயிரோடு இருந்தால் மதினி எங்களோடு இருப்பாள். செத்துப்போயிருந்தால் போய்விடுவாள். எனக்கு வேண்டியிருந்தது மதினி. அண்ணனைப் பற்றி அந்த நிமிஷத்தில் நான் நினைக்கவே இல்லை.

படத்தை ஒட்டினாற்போல வெட்டினேன். ஓரத்துத் துண்டை வாயில் போட்டு மென்று விழுங்கினேன். அச்சு மை கசந்தது.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்காது. புருஷன் இல்லாத சின்ன வயசுப் பெண்ணை நாங்கள் மூலையில் உட்கார வைப்பதில்லை, வேறு இடத்தில் கட்டிக்கொடுத்துவிடுவோம். ஆனால் அதற்கு முதலில் புருஷன் வீட்டார் பெரியவர்கள் நாலு பேர் முன்னால் ஒரு துரும்பைக் கிள்ளிப் பெண்ணின் தகப்பன் கையில் கொடுக்கவேண்டும். அதோடு இந்த வீட்டுக்கும் அவளுக்கும் தீர்ந்தது. துரும்பு கொடுக்காமல் பெண்ணைக் கூட்டிப்போனால் வெட்டுக்குத்தில் முடியும்.

பங்குனியில் மதினியின் தகப்பனார், என் மாமா, எழுமலையிலிருந்து இரண்டு பெரியவர்களோடு வந்தார். மதினியின் தாய்மாமன் மகன் ஒருவன் அவளைக் கட்டிக்கொள்ளத் தயாராக இருக்கிறான், கிணற்றுத் தோட்டம் வைத்திருக்கிறான் என்று சொன்னார்.

"மாப்ள, எனக்கு மட்டும் அவன் மேல பாசம் இல்லையா? எந்தங்கச்சி மகன். ஆனா நாளைக்கு இந்தப் புள்ள முகத்துல நான் எப்படி முழிக்கிறது? துரும்பக் குடுங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

ஐயா எழுந்துபோய்க் கள்ளிப்பெட்டியைத் தூக்கிவந்து மாமா முன்னால் வைத்தார். தகரடப்பா, தீப்பெட்டி அட்டை, நோட்டீசு, படங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்பினார். கடைசியில் அந்தப் படம்.

"மச்சான், இந்தா நிக்கிறான் உங்க மருமகன். தந்தி வந்தது கார்த்திகையில. படம் வந்தது மாசியில. உசுரோட இருக்கிறவன் பொண்டாட்டிக்கு நான் துரும்பு கிள்ளுனா எங்கை அழுகிப் போகாதா?"

பெரியவர்கள் படத்தைக் கை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். தோள் ஏறித்தான் இருக்கிறது என்றார் ஒருவர். துரையோடு நிற்கிறவனுக்கு என்ன குறைச்சல் என்றார் இன்னொருவர். மாமா மட்டும் மகளைப் பார்த்துவிட்டு, சித்திரை கழிந்து வருகிறேன் என்று எழுந்துவிட்டார். எங்கள் வீட்டில் அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அந்தச் சித்திரையில் வைகை வறண்டு கிடந்தது. நானும் மதினியும் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுக்கப் போவோம். மணலை அள்ளிப் போட்டுவிட்டுக் குழியைச் சுற்றி உட்கார்ந்தால் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரக்கும். கொட்டாங்கச்சியால் மோந்து குடத்தில் ஊற்றவேண்டும். ஒரு குடம் நிறைய ஒரு நாழிகை ஆகும். அங்கேதான் கேட்டாள்.

"தாயி, நீ ஒருத்திதான் இந்த வீட்டுல எழுத்துப் படிச்சவ. ஒண்ணு கேக்குறேன், நெசத்தச் சொல்லணும். அந்தப் படம் எப்பப் பிடிச்சது? பேப்பருல நாள் போட்டிருக்கும்ல?"

யாருக்கும் தோன்றாதது அவளுக்குத் தோன்றியிருந்தது. ஐயாவுக்கும் மாமாவுக்கும் பெரியவர்களுக்கும் தோன்றவில்லை.

"ஏன் மதினி?"

"உங்கண்ணன் வருவாருன்னா பத்து வருசம் ஆனாலும் நான் இருக்கேன். வரமாட்டாருன்னா எங்கப்பாகூட நான் போறேன். அந்த மாமன் மகனும் நல்லவருதான், குடிக்கமாட்டாரு. ரெண்டுல ஒண்ணு எனக்குத் தெரியணும்டி. நடுவுல நிக்க முடியல."

குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்தேன். எனக்குப் பதினொரு வயது. பதினொரு வயசுப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று நீங்கள் சொல்வீர்கள். எல்லாம் தெரியும்.

"பிப்ரவரின்னு போட்டிருந்துச்சு மதினி. நானே பாத்தேன். இந்த மாசிதான்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கொட்டாங்கச்சியை எடுத்துத் தண்ணீர் மோந்தாள். மறுநாளே எழுமலைக்குப் போகிற வண்டிக்காரரிடம் தகப்பனுக்குச் சொல்லி அனுப்பினாள். "என்னைக் கூப்பிட வரவேண்டாம்னு சொல்லுங்கண்ணே. எம் புருசன் இருக்காரு."

நான் ஜெயித்துவிட்டேன். மூன்று வருஷம் அவள் பாயில் படுத்தேன். அவள் கையால் தலை பின்னிக்கொண்டேன். அதைச் சொல்லாமல் விட்டால் இது முழுப் பொய்யாகிவிடும், நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அடுத்த தையில் அந்தத் தாய்மாமன் மகனுக்கு வேறு பெண் பார்த்துக் கட்டிவிட்டார்கள். அதற்கு அடுத்த வருஷம் மாமா பேதியில் போனார். அரிசி கிடைக்காமல், மண்ணெண்ணெய் கிடைக்காமல் எல்லோரும் திண்டாடிய காலத்தில் ஐயா மட்டும் தெம்பாக நடந்தார். துரை சண்டையில் ஜெயிக்கிறார் என்று யாராவது சொன்னால் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம். பெட்டி நிரம்பி, ஒரு சாக்கும் நிரம்பியது.

சண்டை முடிந்தது. பட்டாளத்துக்காரர்கள் திரும்பி வர ஆரம்பித்தார்கள். ஐயா தினமும் ரயிலடிக்குப் போய் நின்றுவிட்டு வருவார். அவர் தேடிப்போன இடத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஒருநாள் காலையில் ஆனையூரிலிருந்து ஒரு ஆள் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு தானாக வந்தார். காக்கிச் சட்டை, ஒரு காலில் நொண்டல். அண்ணனோடு ஒரே கம்பெனியில் லாரி ஓட்டியவர்.

உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். ஐப்பசி மாதம், முன்னால் போன லாரி அண்ணனுடையது. மண்ணுக்குள் புதைத்து வைத்த வெடி. லாரியும் இல்லை, ஆளும் இல்லை. அன்றைக்கே அங்கிருந்து கிளம்பச் சொல்லிவிட்டதால் சர்க்கார் கணக்கில் காணவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். "கிடைச்சத நாந்தான் அள்ளிப் புதைச்சேன், பெரியய்யா. வந்து சொல்லணும்னு அன்னிக்கே நெனச்சேன்."

ஐயா சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். "தம்பி, நீங்க வேற யாரையோ சொல்றீக" என்று உள்ளே போய்ப் படத்தை எடுத்துவந்து கொடுத்தார்.

அந்த ஆள் வாங்கிப் பார்த்தார். அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. "அட, இது நாங்க அங்க போன புதுசுல எடுத்ததுங்க. துரை வாராருன்னு வெயில்ல நாலு மணி நேரம் நிறுத்தி வச்சிட்டாங்க. ஆமா, இவன்தான். பக்கத்துல இருக்கிறது நான். இது நடந்து ரெண்டு மூணு மாசம் கழிச்சுத்தான் அவன் போனான்."

ஐயா படத்தைத் திரும்ப வாங்கினார். தாளை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார்.

"அப்ப இது பழைய பேப்பரா?" என்று கேட்டார்.

முப்பது வருஷம் பழைய பேப்பர் வியாபாரம் செய்த மனுஷன். அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். ஆத்தா ஒப்பாரி எடுத்தாள். மூன்று வருஷம் தள்ளி வந்த ஒப்பாரி, அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அந்த ஆள் போன சாயங்காலம் மதினி என்னைக் கூப்பிட்டாள். என் உயிர் போய்விட்டது. அவள் என் கன்னத்தைத் தடவி, "நீ அழாத தாயி. பச்சப்புள்ள, இங்கிலீசுல என்னத்தக் கண்ட? ஏதோ ஒண்ண ஏதோன்னு வாசிச்சுட்ட. அதுக்கு நீ என்ன செய்வ?" என்றாள். அவள் என்னை அடித்திருந்தால் நான் அப்போதே சொல்லியிருப்பேன்.

தை பிறந்ததும் ஐயா துரும்பு கிள்ளினார். வாங்க மாமா இல்லை, மதினியின் பெரிய அண்ணன் வந்து வாங்கினார். வாங்கிக்கொண்டவர் தங்கையைக் கூட்டிப்போகவில்லை. அங்கே அண்ணிகள் மூன்று பேர், இவளுக்கு இடம் எங்கே? பெண்டாட்டியைப் பறிகொடுத்துவிட்டு மூன்று பிள்ளைகளோடு நின்ற ஒரு கிழவனுக்குக் கேட்டார்கள். "எனக்கு இங்கயே வேலை கிடக்கு அத்தை" என்று மதினி ஆத்தாவிடம் சொல்லிவிட்டுப் பை ஒட்ட உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அப்போது இருபது.

ஐயா ஒருநாள் பெட்டியையும் சாக்கையும் அவள் முன்னால் கொண்டுவந்து கவிழ்த்தார். "ஒட்டிரு தாயி" என்றார். பசையைக் கெட்டியாகக் காய்ச்சி, வழவழத் தாளைச் சாம்பலால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, மதினி ஒரு வாரத்தில் அத்தனையையும் பையாக்கிவிட்டாள். துரையின் தொப்பியிலும் வயிற்றிலும் மதுரைச் சனங்கள் வறுகடலை வாங்கித் தின்றார்கள். அந்தப் படமும் அதில் போய்விட்டது. ஐயா எடுத்து வைக்கவில்லை, மதினியும் எடுத்து வைக்கவில்லை. அண்ணனின் முகம் என்று எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான்.

எனக்குப் பதினேழில் கல்யாணம். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். கல்யாணத்தன்று காலையில் மதினிதான் எனக்குத் தலை பின்னினாள். தாலி அறுத்தவள் மணப்பெண்ணைத் தொடலாமா என்று யாரோ முணுமுணுத்தார்கள், மதினி பின்னாவிட்டால் மேடைக்கே வரமாட்டேன் என்று நான் சண்டை போட்டேன். அவள் கை என் தலையில் இருந்தது. இதை மறைத்து வைத்துக்கொண்டு அந்தக் கையால் பூ வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. சுவரைப் பார்த்தபடி சொன்னேன்.

"மதினி, அன்னிக்கு நான் தப்பா வாசிக்கல. ஆகஸ்டுன்னு போட்டிருந்துச்சு. எனக்குத் தெரியும். நீங்க போயிருவீகன்னுதான் தெரிஞ்சே சொன்னேன்."

கை நின்றது. கொஞ்ச நேரம்தான். பிறகு மீண்டும் பின்ன ஆரம்பித்தது. கடைசிவரைக்கும் பின்னிக் குஞ்சலம் கட்டிப் பூ வைத்தாள். அன்றைக்குப் போல அழகான பின்னல் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. "எந்திரி, நேரமாச்சு" என்றாள். அவ்வளவுதான். நல்லது செய்துவிட்டோம், பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு நான் மேடைக்குப் போனேன். இறக்கிய பாரத்தை யார் தலையில் வைத்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

மறுவீட்டுக்கு வந்தபோது அவள் காட்டில் விறகு பொறுக்கப் போயிருந்தாள். தீபாவளிக்கு வந்தபோது ஆனையூரில் ஏதோ சாவு என்று போயிருந்தாள். என் வளைகாப்பில் வளையல் அடுக்க வரவில்லை. வேலை இருந்திருக்கும் என்று ஆத்தா சொன்னாள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டேன்.

பிள்ளைக்கு ஐந்து மாதம் ஆனபோது தூக்கிக்கொண்டு விளாங்குடிக்குப் போனேன். மத்தியான நேரம். மதினி முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று அவள் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தெருவில் அவள் இடுப்பில் வளராத பிள்ளை கிடையாது. நான் குனிந்து என் மகனை நீட்டினேன். அவன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவள் பக்கம் தாவினான். அண்ணனின் ஜாடை அவனுக்கு.

மதினி அவனைப் பார்த்தாள். கைகளை மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

"கையெல்லாம் பசையா இருக்கு, தாயி" என்றாள்.

அவள் அப்போதுதான் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள்.